காதால் கேட்ட சாட்சி

ஹெப்சிபாவை வேலைக்கு எடுத்தது அவள் படிப்புக்காக அல்ல, காதுக்காக. ஒரு குரல் "வந்துடறேன்" என்று சொன்னால், "ஆலங்குளத்துக்காரர் இப்படிச் சொல்ல மாட்டார், 'வந்துருதேன்' என்பார்" என்று அவள் எழுதி வைப்பாள். அடுத்த முறை அந்தக் குரல் "வந்துருதேன்" என்றுதான் சொல்லும். சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை இதுதான் அவளுக்கு வேலை. நாசரேத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, முப்பத்து நாலு வயதுக்குள் நாலைந்து வேலை மாறியவள் அவள். வீட்டில் பேசுகிற தமிழுக்கே சம்பளம் கிடைக்கும் என்பது அவளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது.

அந்தச் சேவைக்குக் குரல்பாலம் என்று பெயர். வெளிநாட்டில், செல்போன் கோபுரமே இல்லாத மலைப்பகுதிகளில் பாலமும் சாலையும் போடப் போனவர்கள் வீட்டோடு பேச வழியில்லை. அவர்கள் தினமும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால், இயந்திரம் அதை அவர்களுடைய குரலில் வீட்டாரிடம் பேசும். பதிலுக்குப் பதில் சொல்லும், சிரிக்கும், இருமும். வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெப்சிபாவுக்குச் சொன்னது இதுதான். முந்தின நாள் பேசிய பேச்சுகளைக் கேட்டு, வழக்கு பிசகிய இடங்களைத் திருத்த வேண்டும். ஆளுக்கும் சமயத்துக்கும் ஒட்டாமல் ஏதாவது வந்தால் "பொருந்தாதது" என்று குறிக்க வேண்டும். குறித்ததை இயந்திரம் தன் நினைவிலிருந்து அழித்துவிடும்.

அவளிடம் இருந்த முப்பது பேரில் ஒருவன் இசக்கிராஜா. ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் மேலக்குறிச்சி என்ற ஊர். வயது இருபத்தொன்பது. பொக்லைன் ஓட்டுபவன் என்று பதிவில் இருந்தது. அவன் மனைவி ஆவுடைச்செல்வி பீடி சுற்றுகிறவள். தினமும் சாயங்காலம் நாலேகாலுக்கு அவளுக்குப் போன் போகும்.

மற்றவர்கள் எல்லாம் சாப்பாடு, மழை, மகளுக்குக் காய்ச்சல் என்று பேசி முடிப்பார்கள். இசக்கிராஜாவின் பேச்சில் மட்டும் நடுநடுவே எங்கிருந்தோ ஒரு வாக்கியம் வந்து விழும். சோறு பொங்கின கதையை மனைவி சொல்லிக்கொண்டிருப்பாள். அவன் திடீரென்று, "தலையத் தூக்காதல செபஸ்தி, தலையத் தூக்காத" என்பான். இன்னொரு நாள், "ஆத்துக்கு மேக்க, எரிஞ்ச மில்லுக்குப் பின்னால" என்றான். உடனே ஒன்றுமே நடக்காதது போல, "குழம்பு என்ன வச்ச?" என்று கேட்பான். வேறு யாருடைய பேச்சோ கலந்துவிட்டது என்று நினைத்து ஹெப்சிபா எல்லாவற்றையும் பொருந்தாதது என்று குறித்தாள். மூன்று மாதத்தில் அப்படிப் பத்தொன்பது.

ஆவுடையின் பேச்சிலும் ஏதோ ஒன்று அவளுக்கு உறுத்தியது. ஐந்து வயது மகள் பக்கத்தில் விளையாடும் சத்தம் கேட்கும். ஆனால் ஒருநாளும் ஆவுடை அவளிடம் போனைக் கொடுத்ததில்லை. "பக்கத்துல யாரு நிக்கா அத்தான்?" என்று மட்டும் தவறாமல் கேட்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஹெப்சிபா காதில் கருவியை மாட்டிக்கொண்டு முந்தின நாள் பேச்சைக் கேட்டாள். இரண்டு நிமிடம் வழக்கமான பேச்சு. பிறகு ஆவுடை குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தான், செத்த இருங்க. இப்பம் நான் உங்ககிட்டப் பேசல. இதக் கேட்டுக்கிட்டிருக்க அக்கா, நீங்க நம்ம பக்கத்து ஆளுதான். எனக்குத் தெரியும். முந்தி 'வந்துடறேன்'ன வாயி இப்பம் 'வந்துருதேன்'ங்குது. இந்தப் பேச்ச வேற யாராலயும் திருத்த முடியாது. பேச்சத் திருத்துங்க, நான் வேண்டாங்கல. ஆனா அவிய ஒரு பேரச் சொன்னா, ஒரு எடத்தச் சொன்னா, அத அழிச்சிராதிய. ஒருதரம் வந்தது மறுதரம் வரமாட்டுக்கு. உங்களக் கும்புடுதேன்க்கா."

அடுத்த கணமே இசக்கிராஜாவின் குரல் கேட்டது. "யாருகிட்டட்டி பேசுத? சாப்ட்டியா?"

ஹெப்சிபா கருவியைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மேலதிகாரி நந்தகோபாலின் அறைக்குப் போனாள். நாற்பது வயது மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வாங்கி வருகிறவர்.

"இசக்கிராஜா இப்ப எங்க சார் இருக்கார்?"

"சைட்லதான். ஏன்?"

"அவர் எழுதிக் குடுக்குற ரெண்டு வரியை நான் பார்க்கணும். இந்த மூணு மாசத்துல யாரோடதையும் நான் பார்த்ததே இல்லை."

நந்தகோபால் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மேசை மேல் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"அந்தக் குரலை எதுலேர்ந்து எடுத்தாங்க தெரியுமா? தலைக்கவசத்து மைக்லேர்ந்து."

"பொக்லைன் ஓட்டுறவருக்குத் தலைக்கவசத்துல மைக் எதுக்கு?"

"அவர் பொக்லைன் ஓட்டலை, ஹெப்சிபா. வெஸ்ரா பள்ளத்தாக்குல, வடக்க இருக்கிற பெரிய நாட்டுச் சம்பளத்துல துப்பாக்கி பிடிச்சார். அங்க மைக்ல பேசினதுதான் இடையில வந்து விழுது."

வெஸ்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி அவளும் செய்திகளில் கேட்டிருந்தாள். உள்ளூர்க் குழுக்கள் இரண்டு அடித்துக்கொள்கின்றன என்றுதான் செய்தி சொன்னது. வடக்கே இருக்கும் பெரிய நாடு தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று வாரம் ஒருமுறை அறிக்கை விட்டுக்கொண்டிருந்தது.

"எல்லா நாடும் சேர்ந்து பத்து வருஷம் முன்னாடி ஒரு உடன்படிக்கை போட்டாங்க" என்றார் நந்தகோபால். "ஒரு நாட்டோட சம்பளத்துல இருக்கிறவங்க, அவங்க எந்த ஊர்க்காரங்களா இருந்தாலும் சரி, ஒரே இடத்துல நூறு பேர் செத்ததா பதிவானா அந்த நாடு போர்ல இருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் தடை, விசாரணை எல்லாம் வரும். நல்ல எண்ணத்துலதான் எழுதினாங்க. ஆனா என்ன எழுதினாங்கன்னு பாருங்க. செத்தா போர்னு எழுதலை. செத்ததா பதிவானா போர்னு எழுதினாங்க."

"பதிவாகாம எப்படி இருக்கும்?"

"வீட்ல யாராவது தேடினாத்தானே பதிவாகும்? தினம் போன் வந்துட்டிருந்தா யார் தேடுவாங்க?"

"அப்ப என்கிட்ட இருக்கிற முப்பது பேரும்?"

"எனக்கு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை. நம்ம மாடியில தமிழ் மட்டும்தான். மேல நேபாளி. கீழ ரெண்டு மாடியில வேற மொழிங்க." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "நாம யாரும் சண்டை போடலை. நாம போன்ல பேசுறோம். உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் வரப்போறாரா? அந்தப் பொண்ணுக்கு இருக்கிற ஆறுதலும் போகும்."

"அந்தப் பொண்ணுக்கு ஆறுதல் இல்லை சார். அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

சொன்ன பிறகுதான் ஹெப்சிபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நந்தகோபாலின் முகம் மாறியது.

"அப்படின்னா வீட்டார் சந்தேகப்படுறாங்கன்னு நீங்க ஐயக் குறிப்பு போடணும். விதி அதுதான். போட்டா அந்த லைனை மூடிடுவாங்க. 'பணியிடத்தை விட்டு ஓடிவிட்டார்'னு வீட்டுக்கு ஒரு கடிதம் போகும்."

"ஓடிவிட்டாரா?"

"ஓடிப்போனவன் செத்தவன் இல்லையே." அவருக்கே அந்த வார்த்தை கசந்திருக்க வேண்டும், ஒரு கணம் நிறுத்தினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடுங்க. அதுவரைக்கும் நான் கேக்க மாட்டேன்."

அவள் கதவருகே போய் நின்று திரும்பினாள். "உடம்பு கிடைக்காத ஒருத்தரோட சாவைப் பதிவு பண்ண என்ன சார் வேணும்?"

"ரெண்டு சாட்சி. ஒண்ணு குடும்பத்து ஆள். இன்னொண்ணு, சாவைக் கண்ணால பார்த்தவங்க, இல்லைன்னா காதால..."

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளும் அங்கே நிற்கவில்லை.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒருதரம் கேட்ட பேச்சு அவளுக்கு மறக்காது. இழுப்பு, இடைவெளி, எச்சில் விழுங்கும் சத்தம் உட்பட நினைவில் நிற்கும். இயந்திரத்திலிருந்து அழிந்த பத்தொன்பதும் அவளிடம் இருந்தன. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பதினெட்டாவதற்கு வந்தபோது நிறுத்தினாள். பத்தொன்பதாவதில் வார்த்தையே கிடையாது. அதற்கு எதிரே "இரைச்சல்" என்று தான் எழுதியது ஞாபகம் வந்தது.

புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள். வியாழன் காலை தென்காசியில் இறங்கி, ஆலங்குளம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மேலக்குறிச்சி போய்ச் சேரும்போது பத்தரை மணி. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஓட்டு வீட்டு வாசலில், மடியில் பீடித்தட்டோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். போனில் குரலை மட்டுமே கேட்டிருந்த ஹெப்சிபாவுக்கு, அந்த முகம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக, சிறுபெண் முகமாக இருந்தது.

"ஆவுடை?"

ஒரு சொல்தான். ஆனால் சொன்ன விதத்திலேயே, வந்தது யார் என்று ஆவுடைக்குப் புரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வந்துட்டியளாக்கா? உள்ள வாங்க. வெயில்ல நிக்காதிய."

தண்ணீர் கொடுத்தாள். மகள் பால்வாடிக்குப் போயிருந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"உனக்கு எப்பம் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் ஹெப்சிபா. சென்னைத் தமிழ் தானாகவே கழன்றுபோயிருந்தது.

"ஏழு மாசம் ஆச்சுக்கா. அவியளுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். இதுக்குக் கோவமே வரமாட்டுக்கு. ஒருநாளு வேணுமின்னே சண்ட போட்டேன். உங்க அம்ம நக நட்ட நான்தான் எடுத்து வித்தேன்னேன். சரிட்டி, ஒடம்பப் பாத்துக்கோன்னுச்சு. அவிய உசுரோட இருந்தா பறந்து வந்திருப்பாவ, என்ன அடிக்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அன்னைக்கே தாலிய எறக்கியிருப்பேன். எறக்கினா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா போனு நின்னுரும். போனு நின்னா அவிய எங்க கெடக்காவன்னு நான் யாருகிட்டக் கேப்பேன்?"

அவள் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்தாள். அதில் பெயர்கள் இருந்தன. செபஸ்தி, வேம்பார். ஒரு மாடசாமி, ஊர் தெரியவில்லை. நெல்சன், உவரிப் பக்கம். தினமும் "பக்கத்துல யாரு நிக்கா" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவை. ஏழு பெயர். அதில் நாலு வீட்டை அவள் பஸ் ஏறிப் போய்க் கண்டுபிடித்திருந்தாள். நாலு வீட்டுக்கும் தினமும் போன் வந்துகொண்டிருந்தது.

"செபஸ்தி பொண்டாட்டி என்ன அடிக்க வந்துட்டா. காலையிலகூடப் பேசினாவளேன்னா. மறுநாளு அவளே தேடி வந்தா." ஆவுடை பேனாவை எடுத்துக்கொண்டாள். "நீங்க எத்தன அழிச்சிய?"

"பத்தொம்பது."

ஆவுடை நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினாள். திட்டியிருந்தால் ஹெப்சிபாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் ஹெப்சிபா. "சொல்லுதேன். எழுதிக்கோ."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். தெரிந்தே செய்தாளோ தெரியாமல் செய்தாளோ, அவன் சொன்ன மாதிரியே சொன்னாள். அவன் எங்கே மூச்சு வாங்கினானோ அங்கே மூச்சு வாங்கினாள். முதல் வாக்கியத்திலேயே ஆவுடையின் பேனா நின்றது. தலை குனிந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு பேனாவைத் திரும்பப் பிடித்து, "சொல்லுங்க" என்றாள்.

ஆற்றுக்கு மேற்கே எரிந்த மில். அதற்குப் பின்னால் பதுங்குகுழி. குழிக்குள் அவனைத் தவிரப் பதினொரு பேர். பெரிய நாட்டு அதிகாரியின் உத்தரவை இயந்திரம் மாற்ற, அது அவர்கள் காதுக்குள் தமிழாகவே விழும். "நம்ம பேச்சுலயே கொல்லச் சொல்லுதானுவல" என்று ஒருதரம் அவன் சொல்லியிருந்தான். ஒவ்வொருவராக விழுந்தபோது அவன் சொன்னவையும் வந்தன, அவற்றில் புதிதாக நாலு பெயர்கள். நோட்டில் ஏழு பதினொன்றானது. அவனோடு சேர்த்தால் பன்னிரண்டு.

பதினேழு முடிந்ததும் ஹெப்சிபா நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"அடுத்தத விட்டுருவோமா?"

"சொல்லுங்க."

ஹெப்சிபா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேனு ஒண்ணு வருது. மஞ்ச வேனு. உள்ள புள்ளைக மாதிரி தெரியுது... என்னது? நெசமாவா? சரி. சரிங்க சார்." கொஞ்சம் இடைவெளி விட்டாள். "அடிச்சாச்சு."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"சொல்லும்போது எப்பிடிச் சொன்னாவ?" ஆவுடை கேட்டாள். "அழுதாவளா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவள் காது அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இல்ல ஆவுடை. கொரல்ல ஒண்ணுமே இல்ல. குழம்பு என்ன வச்சன்னு கேக்க மாதிரிதான் இருந்துச்சு."

ஆவுடை நோட்டை மூடினாள். பிறகு எழுந்து போய் மகளைக் கூட்டிவந்தாள், சோறு ஊட்டினாள், பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். அத்தனை நேரமும் ஹெப்சிபா இருந்த இடத்திலேயே இருந்தாள். ஆவுடை திரும்பி வந்து நோட்டைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். "மஞ்ச வேன். புள்ளைக. எத்தனை பேர்னு தெரியல."

"எழுதணுமா?" என்றாள் ஹெப்சிபா.

"அங்கன ஒரு தாயி தேடிக்கிட்டுத்தான இருப்பா. அவளுக்குப் போனுகூட வராது."

நாலேகாலுக்குப் போன் அடித்தது. ஆவுடை எடுத்துக் காதில் வைத்தாள். "சாப்ட்டேன் அத்தான். ஆமா. இல்ல, மழ இல்ல." பேசிக்கொண்டே நோட்டில் தேதி போட்டாள். வைத்த பிறகு, "கடைசி ஒண்ணு பாக்கி இருக்குல்லா?" என்றாள்.

பத்தொன்பதாவதை ஹெப்சிபா சொல்ல முடியாது. அதில் சொல் இல்லை. ஆவுடையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் காதருகே அந்த மூச்சை விட்டுக் காட்டினாள். இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. நாலாவது தரம் நின்றது மறுபடி வரவில்லை. நான் இதை இரைச்சல் என்று எழுதினேன் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் ஆவுடை அவள் மடியில் விழுந்துவிட்டாள். ஏழு மாதமாக ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்த அழுகையை அன்றைக்கும் அவள் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை பதிவாளர் அலுவலகத்தில் ஐந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஹெப்சிபாவோடு சேர்த்து ஆறு. பதிவாளர் மூக்குக்கண்ணாடி போட்ட, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர். ஆவுடை சொன்னதை முழுவதும் கேட்டார். ஹெப்சிபாவைப் பார்த்தார்.

"சாட்சி சொன்னா உங்க வேலை போகுமேம்மா. அதோட விடுவாங்களா?"

"விட மாட்டாங்க" என்றாள் ஹெப்சிபா.

"இறப்புக்குக் காரணம்?"

"போரு" என்றாள் ஆவுடை.

"எந்தப் போரு தாயி? அப்பிடி ஒண்ணு நடக்கவே இல்லன்னுல்லா டிவியில சொல்லுதான்."

"நடக்கலன்னா அவிய எப்பிடிச் செத்தாவ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணினியில் காரணங்களின் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். காய்ச்சல், விபத்து, பாம்புக்கடி. கடைசி வரையில் போய், அந்தச் சொல் அங்கே இருப்பதைக் கண்டு அவரே கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். அதைத் தொட்டார். இசக்கிராஜாவின் பெயர் ஏறியது. பிறகு செபஸ்தி, நெல்சன், மற்ற இருவர். ஐந்து பதிவுகள் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. நூறுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. அன்று முதல் எந்த வீட்டுக்கும் போன் வராது என்று ஆறு பேருக்கும் தெரியும்.

எல்லோரும் எழுந்தார்கள். ஆவுடை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்." நோட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். இரண்டு தரம் படித்தார். "இது நம்ம ஆளுக இல்லையேம்மா."

"செத்தாவல்லா?"

"அதுக்கும் ரெண்டு சாட்சி வேணும். வீட்டாளு ஒருத்தர் வேணும்."

"கேட்ட சாட்சி இந்த அக்கா இருக்காவ. வீட்டாளுக்கு எங்க போவேன்? அடிச்சவிய வீட்டாளு நான் இருக்கேன். எழுதுங்க."

சட்டத்தில் இடமில்லை என்று அவர் சொல்லுவார் என்றுதான் ஹெப்சிபா எதிர்பார்த்தாள். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, யாரும் இப்போது பயன்படுத்தாத பழைய அச்சுப் படிவம் ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டி, பேனா மூடியைத் திறந்தார்.

"வீட்டாளு பேரு?" என்றார்.